கடைசியில் வருவது யார் என்று எழுதுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில், அப்புத்தளை – பெரகலை வீதியில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வரும் இளைஞர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் அறியாதவர்கள் கைத்தொலைபேசியில் பேசிவைத்துக்கொண்டு மலைவீதிக்கு வருகிறார்கள், ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, பொலிஸார் இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. அவர் கேட்கும் தடை நியாயமானதல்ல. அப்படிப்பட்ட குழு ஒன்றை நடத்துகிறவள் என்ற முறையில், இந்தக் கடிதத்துக்கு இடம் தருமாறு வேண்டுகிறேன்.

நான் பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சைக்கிள் பழகியது யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில். அங்கே காலை எட்டு மணிக்கு எந்தச் சந்தியில் நின்றாலும் பாடசாலைச் சீருடையிலும் சேலையிலும் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது என் சைக்கிளைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மலையில் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

2022 அந்த எண்ணத்தை மாற்றியது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எரிபொருள் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். பஸ் வராத நாள்களில் பாடசாலைக்கு நடந்தேன். பிறகு பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். என்னோடு இரண்டு ஆசிரியர்கள், வைத்தியசாலைத் தாதி ஒருவர், தபால் ஊழியர் ஒருவர். நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம் என்று சொல்லிக்கொள்வதற்காக ஐந்து பேரும் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் குழு கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போகத் தொடங்கினோம். இன்று அதில் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத்துப் பிள்ளைகள்.

வாசகர் பயப்படும் விபத்தை நான் பக்கத்தில் இருந்து அறிவேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

2023 ஒக்டோபரில் வேறொரு குழு ஒரு பயணத்தை அறிவித்தது. பண்டாரவளையில் புறப்பட்டு, பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கி, பெரகலை, அப்புத்தளை வழியாக ஏறித் திரும்பும் சுற்று. அறிவிப்பு ஆங்கிலத்தில் நான்கு வரி: இத்தனை கிலோமீற்றர், இலகுவான பயணம், காலை 8 மணி, அனைவரும் வரலாம். என்னிடம் படித்து உயர்தரம் எழுதியிருந்த மாணவன் ஒருவன் அதை நம்பி, சித்தப்பாவின் கியர் இல்லாத சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனான்.

இறக்கத்தில் அவன் பிரேக்கை விடவே இல்லை. விட்டால் வண்டி நிற்காது. அப்படி விடாமல் பிடித்தால் கட்டை உரசி றிம் சூடேறும். சூட்டில் ட்யூப் வெடிக்கும். பூனாகலைக்குக் கீழே ஒரு வளைவில் பின் சக்கரம் வெடித்தது. நல்லவேளையாக மலைப்பக்கம் விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினான். முன்னால் போனவர்களுக்குத் தெரியாது. பின்னால் வருவதற்கு யாரும் இல்லை; அவன்தான் கடைசி. கொஸ்லந்தைவரை தள்ளிக்கொண்டு வந்து ஒரு கடையில் ட்யூப் மாற்றியபோது மதியம் ஆகிவிட்டது. குழு நடத்துநருக்கு மூன்று தடவை அழைத்தான், பதில் இல்லை. அதோடு போனில் பற்றரி தீர்ந்தது. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெரகலை ஏற்றத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினான். மூடுபனியில் பத்தடி தெரியவில்லை. வண்டியில் விளக்கு கிடையாது.

வெல்லவாயப் பக்கமிருந்து வாழைக்குலை ஏற்றி வந்த லொறி ஒன்றின் சாரதி, சிங்களப் பெரியவர், நிறுத்தி, சைக்கிளைக் குலைகளின் மேல் தூக்கிப் போட்டு, அவனை அப்புத்தளை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். அப்போது மாலை ஆறே முக்கால். அந்தப் பெரியவரை இன்றுவரை எங்களால் தேடிப் பிடிக்க முடியவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கே அந்தக் குழுவின் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பதினொரு பேர் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறார்கள். கீழே, எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று எழுதியிருக்கிறது. அந்த நேரம் என் மாணவன் பெரகலைக்குக் கீழே மழையில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் அவன் தாய் என்னிடம் வந்தார். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த களைப்போடு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் வந்திருந்தார். என்னைக் கோபிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார். “கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுத்தானே டீச்சர் எழுதுகிறார்கள்? அந்தப் போனில் அப்படிப் பேர் கூப்பிட வழி இல்லையா?”

வழி இருக்கிறது. அந்தத் தாயின் கேள்வியைத்தான் நாங்கள் எங்கள் ஒழுங்காக வைத்துக்கொண்டோம்.

கூகுள் படிவம் ஒன்று வைத்திருக்கிறோம். வருகிறவர் பெயர், வீட்டில் யாரை அழைக்க வேண்டும், சைக்கிளில் கியர் உண்டா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்ற நான்கு கேள்விகள்தான் அதில். சனிக்கிழமை மாலை அந்தப் பட்டியலைக் கடதாசியில் எழுதி எடுத்துக்கொள்கிறேன். போன் அணைந்தாலும் கடதாசி அணையாது. புறப்படும் இடத்தில் பெயர் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூப்பிடுகிறோம். வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவர் சொல்லாமல் போகக்கூடாது. கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் பெட்டி, இரண்டு அளவில் ட்யூப், முதலுதவிப் பை, மேலதிக பற்றரி எல்லாம் அவரிடம் இருக்கும். தான் இருக்கும் இடத்தை வட்ஸ்அப்பில் எட்டு மணித்தியாலத்துக்குப் பகிர்ந்துவிட்டுத்தான் அவர் மிதிக்கத் தொடங்குவார். கடைசி ஆள் என்று அவரைச் சொல்கிறோம். எந்தப் பயணத்தின் அறிவிப்பிலும் அவருடைய பெயர்தான் முதலில் வரும்.

இனி, அந்த “இலகுவான பயணம்” என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு கணித ஆசிரியைக்கு இது பொறுக்காத விடயம். யாழ்ப்பாணத்தில் 40 கிலோமீற்றர் என்றால் 40 கிலோமீற்றர்தான். இங்கே அந்த எண் தனியாக நின்றால் எதையும் சொல்லாது. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,431 மீற்றர். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீட் ஏறத்தாழ 1,970. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 540 மீற்றர்கூட இல்லை. ஆனால் இடையில் வீதி எத்தனை தடவை இறங்குகிறதோ, அத்தனையையும் மீண்டும் ஏற வேண்டும். ஏறியவற்றை மட்டும் கூட்டி வரும் தொகைதான் காலுக்குத் தெரியும் தொகை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றில் உயர வித்தியாசம் பூச்சியம்; என் மாணவன் அன்று ஏறியது பூச்சியமா? கொஸ்லந்தையிலிருந்து அப்புத்தளைக்கு வர அரைக் கிலோமீற்றருக்குக் குறையாத உயரத்தை அவன் ஏற வேண்டியிருந்தது. பயணத்தை அறிவித்தவர்களுக்கு அது தெரியும். அறிவிப்பில் அது இல்லை.

இந்தக் கணக்கைச் செய்ய இன்று யாருக்கும் கணிதம்கூடத் தேவையில்லை. ஸ்ட்ராவா, கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தின் மேல் பாதையை இழுத்தால், மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், எந்த இடத்தில் செங்குத்து என்பதையெல்லாம் ஒரு கோட்டுப்படமாகக் காட்டிவிடும். நாங்கள் அந்தப் படத்தைக் குழுவில் போடுகிறோம். எங்கள் அனுபவத்தில், புதிதாக வருகிறவருக்கு நூறு மீற்றர் ஏற்றத்துக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். படத்தைப் பார்த்ததும் பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஒன்பதாம் ஆண்டில் சாய்வுவிகிதம் கற்பிக்க நான் இப்போது பாடநூலின் உதாரணத்தைத் தேடுவதில்லை.

பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாகவும், அதாவது வரைபடச் செயலியில் திறந்து பார்க்கக்கூடிய கோடாகவும், அனுப்புகிறோம். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் போன் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டியதில்லை. இது தெரியாததால்தான் பலர் தோட்டப் பாதைக்குள் போனதும் வழி தவறுகிறார்கள்.

அண்மையில் நாங்கள் தம்பேத்தன்னவுக்குப் போன பயணத்தின் அறிவிப்பை அப்படியே தருகிறேன்:

“கடைசி ஆள்: தாதி அக்கா. ஞாயிறு காலை 6 மணி, அப்புத்தளை ரயில் நிலையத்தின் முன். லிப்டன் சீட் போகும் பாதை ஏறத்தாழ 17 கிலோமீற்றர். தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலைவரை வீதி ஒடுக்கம், எதிரே பஸ் வரும், ஒற்றை வரிசை. அதன் பிறகு 7 கிலோமீற்றர் ஏற்றம்தான். தள்ளிக்கொண்டு வருவது வெட்கமல்ல. கியர் இல்லாத வண்டிக்காரர் தொழிற்சாலையோடு நின்று திரும்பலாம், துணை வரும். உச்சிக்கு ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் பனி மூடிவிடும், அதனால் ஒன்பதுக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் நாள் என்றால் லொறி வரும், ஒதுங்கி நிற்கவும். நுழைவுச்சீட்டுக்கும் ரொட்டிக்கும் காசு கொண்டுவரவும். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்கவும்.”

இதை எழுத எனக்கு ஏழு நிமிடம் ஆனது. தமிழில் ஒரு முறை. குழுவில் இருக்கும் சிங்களத் தம்பி ஒருவர் சிங்களத்தில் ஒரு முறை. ஆங்கிலத்தில் எழுதுவது குற்றமல்ல. ஆனால் எங்கள் வீதியில், எங்கள் தோட்டத்துக்குள்ளே நடக்கும் பயணத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகள் வாசிக்க முடியாத மொழியில் மட்டும் எழுதிவிட்டு, கீழே அனைவரும் வரலாம் என்று போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் இணையக் குழு நடத்துகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பல லயங்களில் வீட்டுக்கு ஒரு போன்தான். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு வரும்போது டேட்டா முடிந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு நம் அழைப்பு எப்படிப் போய்ச் சேரும்? எங்கள் அறிவிப்பை வெள்ளிக்கிழமை மாலையே ஒரு தாளில் எழுதி, கோயில் பலகையிலும் சந்திக் கடையிலும் ஒட்டுகிறோம். கடைக்காரர் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்து சனிக்கிழமை எனக்குப் படித்துக் காட்டுவார். கடந்த ஆண்டு முதன்முறை வந்த எட்டுப் பெண்பிள்ளைகளில் ஆறு பேர் அந்தக் கொப்பி வழியாக வந்தவர்கள். இணையத்தால் ஒழுங்கு செய்யலாம். அழைப்பதற்கு அது மட்டும் போதாது.

பெண்பிள்ளைகள் என்றதும் ஓர் எச்சரிக்கை. பயணத்தைச் செயலியில் பதிவு செய்து எல்லோருக்கும் தெரியும்படி விட்டால், கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் அவர்களுடைய வீட்டு வாசல்தான். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் அமெரிக்க இராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் ஓடிய பாதைகள்கூட ஒளிக்கோடுகளாகத் தெரிந்தது பெரிய செய்தியானது. இராணுவத்துக்கே அப்படியென்றால் லயத்துப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி அதே செயலியில் இருக்கிறது. எங்கள் குழுவில் சேருகிறவருக்கு முதல் நாளே அதைச் செய்து கொடுக்கிறோம். படம் போடுவதற்கு முன் படத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். கேட்காமல் போட்டவர்கள் இரண்டு பேரைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறேன். அதற்காக நான் வருந்தவில்லை.

மழை பற்றி எழுதாமல் விட முடியாது. கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்கள் புதைந்ததை இந்த வீதியில் போகும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டுதான் போகிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. நாங்கள் போகும் பிரிவுகளில் ஒன்றுக்கு மஞ்சள் வந்தாலே அந்தப் பயணம் இல்லை. ரொட்டிக்குச் சொல்லிவைத்திருந்தாலும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்துப் போட்டபோது, ஞாயிறு சவாரிக்கென்று இருந்த இந்தக் குழு இரண்டு வாரம் வேறு வேலை செய்தது. எந்த வளைவில் மண் கிடக்கிறது, எங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்கலாம், எந்த லயத்தில் வயதானவருக்கு மருந்து முடிந்திருக்கிறது என்று சிக்னல் கிடைத்த நேரமெல்லாம் செய்தி வந்துகொண்டிருந்தது. வாகனம் போக முடியாத இரண்டு தோட்டங்களுக்குப் பால்மாவும் மாத்திரையும் கொண்டு போனது எங்கள் பிள்ளைகள். பாதுகாப்பாகக் கடக்க முடியாது என்று தெரிந்த இடங்களில் திரும்பி வரச் சொன்னோம்; திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு மாலையும் பெயர் கூப்பிட்டோம்.

வாசகர் எழுதியதில் ஒரு குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். முப்பது சைக்கிள் ஒரே திரளாக ஏறினால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழியே இல்லை. நாங்களும் தொடக்கத்தில் அப்படிப் போனோம். இப்போது ஆறு பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் போகிறோம். ஒவ்வோர் ஆறிலும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பஸ் சாரதிகள் கை காட்டிவிட்டுப் போகிறார்கள். பொலிஸாரிடம் நான் கேட்பது தடையை அல்ல. எங்கள் பட்டியலின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்வதை.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை இதழின் மலையகப் பக்கத்தில் இரண்டு அங்குல இடம் தர முடியுமா? எங்கள் குழுவுக்கு மட்டும் கேட்கவில்லை. அற்றன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளை என்று எங்கே எந்தக் குழு பயணம் வைத்தாலும், ஏற்றத்தின் அளவையும் திரும்பும் நேரத்தையும் கடைசி ஆளின் பெயரையும் எழுதித் தருகிறவர்களுக்கு மட்டும் அந்த இடத்தைக் கொடுங்கள். போன் இல்லாத வீடுகளுக்கும் உங்கள் பத்திரிகை ஏதாவது ஒரு கடையில் வடை சுற்றிய தாளாகவாவது போய்ச் சேர்கிறது. அதை வாசிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

முதல் அறிவிப்பை இத்துடன் தருகிறேன். இக்கடிதம் வெளியாகும் வாரத்துக்கு அடுத்த ஞாயிறு காலை 6 மணி, பண்டாரவளை ரயில் நிலையத்தின் முன். தியத்தலாவை வழியாக அப்புத்தளைக்குப் போய்த் திரும்புகிறோம். போகும்போது ஏற்றம் அதிகம், திரும்பும்போது குறைவு, புதியவர்களுக்கு ஏற்றது. கியர் இல்லாத வண்டியும் வரலாம். பதினொரு மணிக்குள் வீடு திரும்புவோம். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் சனிக்கிழமை மாலைக்குள் கோயில் பலகையில் எழுதிவிடுவோம். பெரகலை ஏற்றத்தில் மழையில் நின்ற அந்த மாணவன் இப்போது பதுளையில் வேலை செய்கிறான். இரண்டு விளக்குப் பூட்டிய சொந்தச் சைக்கிள் வைத்திருக்கிறான். அன்று கடைசி ஆள் அவன்தான்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
பண்டாரவளை.